ரிப்போர்ட்டில் இல்லாத வரி

மும்பை பரேலில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், ரிப்போர்ட் கொடுக்கும் ஜன்னலில் பதினோரு வருஷம் உட்கார்ந்திருந்தேன். தாராவி, சயான், மாட்டுங்கா, செம்பூர்ப் பக்கத்துத் தமிழர்கள் என் சட்டையில் தொங்கும் பெயரைப் பார்த்ததுமே இந்தியை விட்டுவிடுவார்கள். கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "அண்ணாச்சி, எதிர்ப்புச் சக்தி எவ்வளவு இருக்குன்னு இதுல எங்க போட்டிருக்கு?"

எங்கேயும் போட்டிருக்காது. ஹீமோகுளோபினுக்கு ஓர் எண் உண்டு, சர்க்கரைக்கு உண்டு, கொழுப்புக்கு உண்டு. எதிர்ப்புச் சக்திக்குக் கிடையாது. வெள்ளை அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை இருந்தால் சரி என்போம். அதற்காக 18,000 இருப்பவர் இரட்டைப் பலசாலி ஆகிவிட மாட்டார். அவருக்கு எங்கேயோ சீழ் பிடித்திருக்கலாம். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவராக இருக்கலாம். ரத்தப் புற்றுநோயின் தொடக்கமாகக்கூட இருக்கலாம்.

என்னைக் கேட்டால் கோளாறு 'சக்தி' என்ற சொல்லிலேயே இருக்கிறது. மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் மாதிரி, குறைந்தால் ஊற்றி நிரப்பிவிடலாம் என்று அது நம்மை நினைக்க வைக்கிறது. உடம்பில் நடப்பது வேறு. அது ஆள் அடையாளம் பார்க்கிற வேலை. வந்திருப்பது நம்மாளா, வெளியாளா? வெளியாள் என்றால் போகட்டும் என்று விடலாமா, அடிக்க வேண்டுமா? அடிப்பதென்றால் எவ்வளவு, எப்போது நிறுத்துவது? இந்தக் கேள்விகளில் ஏதோ ஒன்றுக்கு உடம்பு தப்பாகப் பதில் சொல்லும்போதுதான் எதிர்ப்பு சம்பந்தப்பட்ட நோய்கள் வருகின்றன. (1960களில் 'மதராசி'களை வெளியேறச் சொல்லிக் கோஷம் எழுந்த ஊர் இது. உள்ளாள் வெளியாள் கணக்கு எவ்வளவு சுலபமாகப் பிசகும் என்று இங்கே மூன்று தலைமுறையாக இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.)

2020இல் 'எதிர்ப்புச் சக்தி' என்ற சொல்லுக்கு வந்த மவுசு நினைவிருக்கும். ஒருபக்கம் கபசுரக் குடிநீர், இன்னொரு பக்கம் சீந்தில். மராத்தியில் குள்வேல், இந்தியில் கிலோய் என்கிற அந்தக் கொடியை பால்கனித் தொட்டியில் வளர்த்து, தினமும் கஷாயம் வைத்துக் குடித்தவர்களை எனக்கே தெரியும். அடுத்த வருஷம் மும்பைக் கல்லீரல் மருத்துவர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சீந்தில் குடித்துவந்து கல்லீரல் பாதித்த ஆறு பேரைப் பற்றியது. கல்லீரலில் சிறு துண்டு எடுத்துப் பார்த்தபோது, உடம்பு தன் கல்லீரலைத் தானே தாக்கும் நோயின் சாயல் அதில் தெரிந்தது. ஆயுஷ் அமைச்சகம் இதை ஏற்கவில்லை. அவர்கள் குடித்தது சீந்தில்தான் என்று செடியைச் சோதித்து உறுதிசெய்யவில்லையே என்றது. நியாயமான கேள்விதான். பிறகு பல மருத்துவமனைகள் சேர்ந்து 43 நோயாளிகளை வைத்து எழுதியபோதும் அதே சாயலே தெரிந்தது. குடித்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் 'தூண்டிவிடும்' என்று எழுதியிருக்கிற ஒன்றை விழுங்கும்போது எதைத் தூண்டுகிறோம் என்று யோசித்தவர்கள் குறைவு.

சரி, இந்த அடையாளம் பார்க்கிற வேலை எப்படி நடக்கிறது?

காலில் முள் தைத்தால் மறுநாள் சிவந்து வீங்கும், அடுத்து சீழ் கட்டும். 1882இல் மெச்னிகாஃப் என்ற ரஷ்ய விலங்கியலாளர், இத்தாலியின் மெஸ்ஸினாவில், கண்ணாடி போல உள்ளே தெரிகிற நட்சத்திர மீன் குஞ்சுக்குள் ரோஜா முள்ளைச் செருகி வைத்தார். விடிந்து பார்த்தால் முள்ளைச் சுற்றி நகரும் செல்கள் மொய்த்திருந்தன. இந்த வழியில் போன ஆராய்ச்சிக்கு 1908இல் நோபல் கிடைத்தது. நம் உடம்பில் அப்படி முதலில் மொய்ப்பவை நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள். சீழ் என்பது பெரும்பாலும் அவற்றின் பிணக்குவியல். இவை கிருமியின் பெயரை விசாரிப்பதில்லை. கிருமிகளுக்குப் பொதுவாக உள்ள சில அடையாளங்கள் தெரிந்தால் போதும், பாய்ந்துவிடும்.

காலில் புண் என்றால் தொடை இடுக்கில் நெறி கட்டுமே, அது இரண்டாம் வரிசை. நெறிக்கட்டிக்குள் டி செல், பி செல் என்று இரண்டு வகை அணுக்கள் இருக்கின்றன. ஒவ்வோர் அணுவும் ஒரே ஒரு பூட்டுக்குப் பொருந்தும் சாவியை வைத்திருக்கிறது. அந்தப் பூட்டோடு வருகிற கிருமி சிக்கினால், சாவிக்காரர் மட்டும் பெருகுவார். பெருகுவதால்தான் வீக்கம். பி செல்கள் பிறகு ஆன்டிபாடி என்னும் எதிர்பொருளைச் சுரக்கும். வியப்பு என்னவென்றால், கிருமி வந்த பிறகு சாவி செய்யப்படுவதில்லை. மரபணுத் துண்டுகளைச் சீட்டுக்கட்டு போலக் கலைத்துக் கலைத்து, இன்னும் உலகத்தில் தோன்றாத கிருமிக்கும் பொருந்துகிற மாதிரி கோடிக்கணக்கான சாவிகளை உடம்பு முன்கூட்டியே போட்டு வைத்திருக்கிறது. இதைக் கண்டு சொன்ன சுசுமு தொனெகாவாவுக்கு 1987இல் நோபல்.

குத்துமதிப்பாகச் செய்த சாவிகளில் சில நம் வீட்டுப் பூட்டையே திறக்கும். அதற்காகத்தான் நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்ற சுரப்பி இருக்கிறது. இளம் டி செல்கள் அங்கே பரீட்சைக்குப் போகின்றன. தன் உடம்பையே பலமாகப் பிடிப்பவை அங்கேயே சாகடிக்கப்படும், எதையுமே பிடிக்கத் தெரியாதவையும் சாகும். நூறு போனால் ஐந்துகூடத் தேறி வருவதில்லை. ஐஐடி நுழைவுத் தேர்வு மாதிரிதான். அப்படியும் சில கள்ளத்தனமாகத் தப்பி வரும். அவற்றை வெளியில் அடக்கி வைக்க ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்று தனியாக ஒரு கூட்டம் உண்டு. அந்தக் கூட்டத்தை அடையாளம் காட்டிய சகாகுச்சி, பிரன்கோ, ராம்ஸ்டெல் மூவருக்கும்தான் 2025இன் மருத்துவ நோபல். ஆக, எதிர்ப்பு ஏற்பாட்டின் பாதி வேலை எதிர்க்காமல் இருப்பது.

பெருகிய சாவிக்காரர்களில் சிலர் சண்டை முடிந்தும் தங்கிவிடுகிறார்கள். தடுப்பூசி நம்பியிருப்பது அந்த நினைவை. இந்தியாவில் முதல் பெரியம்மைத் தடுப்பூசி 1802 ஜூன் 14 அன்று இந்த ஊரில்தான், ஆனா டஸ்தால் என்ற மூன்று வயதுப் பெண் குழந்தைக்குப் போடப்பட்டது. 1897 ஜனவரி 10 அன்று, பிளேக் பரவிக்கொண்டிருந்தபோது, ஹாஃப்கின் என்ற கிருமி ஆராய்ச்சியாளர் தான் தயாரித்த ஊசியை முதலில் தனக்கே குத்திக்கொண்டதும் இங்கேதான். அவர் பெயரிலான நிறுவனம் பரேலில், என் பழைய ஜன்னலிலிருந்து நடந்து போகிற தூரம். இந்த வட்டாரத்திலேயே இந்தப் பாடம் முழுவதையும் நடத்திவிடலாம் என்று எனக்கு அடிக்கடித் தோன்றும்.

உதாரணத்துக்கு, கேஇஎம் மருத்துவமனையும் அதனோடு சேர்ந்த சேட் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியும். டாக்டர் பெண்டேயும் சகாக்களும் 1952இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையால் இந்த ஊர்ப் பெயரே ஒரு ரத்த வகைக்கு வந்தது. பாம்பே குரூப். ஏ, பி என்கிற ரத்த அடையாளங்கள் இரண்டும் எச் என்ற அடித்தளத்தின் மேல் கட்டப்படுபவை. ஓ குரூப்காரர்களுக்கு மேல்மாடி இல்லை, அடித்தளம் மட்டும் உண்டு. பாம்பே குரூப்காரர்களுக்கு அந்த அடித்தளமே இல்லை. சாதாரணச் சோதனையில் இவர்கள் ஓ மாதிரித் தெரிவார்கள். ஆனால் 'யாருக்கும் கொடுக்கலாம்' என்று பெயர் வாங்கிய ஓ ரத்தத்தை ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. எச் அடையாளத்தை ஒருபோதும் கண்டிராத உடம்புக்கு எச் வெளியாள்.

இத்தனைக்கும் இவர்கள் அதற்குமுன் யாரிடமும் ரத்தம் வாங்கியிருக்க வேண்டும் என்பதில்லை. பிறந்த சில மாதங்களில் குடலில் குடியேறும் பாக்டீரியாக்களின் மேல் இதே மாதிரிச் சர்க்கரைச் சங்கிலிகள் இருக்கின்றன. தன்னிடம் இல்லாததை அவற்றிடம் பார்த்து உடம்பு எதிர்பொருள் செய்து வைத்துக்கொள்கிறது. நம்மில் ஏ குரூப்காரருக்கு பி ஆகாமல் போவதும் இதே கதைதான். இவர்கள் நோயாளிகள் இல்லை. எதிர்ப்பு ஏற்பாடு ஒழுங்காக வேலை செய்கிற ஆட்கள். அது ஒழுங்காக வேலை செய்வதுதான் சிக்கல்.

பரேலிலிருந்து கொஞ்சம் தள்ளி வடாலாவில், 1890இல் தொடங்கிய அக்வர்த் தொழுநோய் மருத்துவமனை இருக்கிறது. எதிர்ப்புச் சக்தி பற்றி ஒரே ஒரு நோயை வைத்துப் பேசு என்றால் நான் தொழுநோயைத்தான் எடுப்பேன். கிருமி ஒன்றே. அது பட்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நோயே வருவதில்லை. வந்தால், யாருக்கு வருகிறது என்பதைப் பொறுத்து இரண்டு முற்றிலும் வேறான நோய்களாக வருகிறது. டி செல்கள் மூர்க்கமாக எதிர்த்தால் தோலில் ஒன்றிரண்டு உணர்ச்சியற்ற தேமல்; தேடினாலும் கிருமி கிடைக்காது. எதிர்க்காமல் விட்டால் முகமெல்லாம் தடித்து, புருவம் உதிர்ந்து, காது மடல் வீங்கி, எடுத்த துளியில் எல்லாம் கிருமி. இந்த இரண்டாம் வகைக்காரர்களின் ரத்தத்தில் எதிர்பொருள் ஏராளமாக இருக்கும் என்பதுதான் வேடிக்கை. ஒன்றுக்கும் உதவாது. கிருமி செல்லுக்குள் ஒளிந்திருக்கிறது, எதிர்பொருளோ வெளியே ரத்தத்தில் சுற்றுகிறது. 'எதிர்ப்புச் சக்தி நிறைய' என்று அங்கே ஓர் எண் போட்டால் அது பொய் சொல்லும்.

முதல் வகைக்காரர் தப்பித்தார் என்றும் இல்லை. மூர்க்கமான எதிர்ப்பு நரம்பையும் சேர்த்து அரிக்கிறது. கை மடங்கிப் போவதில் கிருமிக்கு உள்ள பங்கைவிட நம் அணுக்களின் பங்கு பெரிது. கூட்டு மருந்து கிருமியைக் கொல்லத் தொடங்கிய பிறகும் திடீரென்று தோல் சிவந்து, நரம்பு வீங்கி வலிக்கும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பலர் அங்கேயே விட்டுவிடுவார்கள். உண்மையில் அது எதிர்ப்பு விழித்துக்கொண்டதன் சண்டை. அப்போது கொடுப்பது அதைக் கூட்டும் மருந்தை இல்லை, அடக்கும் ஸ்டீராய்டை; கூட்டு மருந்தும் கூடவே ஓடும்.

காசநோய்க் கிருமி தொழுநோய்க் கிருமிக்கு உறவு. அதைக் கொல்ல முடியாத இடத்தில் உடம்பு சுற்றிலும் அணுக்களால் சுவர் எழுப்பிச் சிறை வைக்கிறது. பலருக்கு ஆயுள் முழுக்க அது உள்ளேயே தூங்கும். சிறைக்காவலர்களில் முக்கியமானவை சிடி4 என்ற டி செல்கள். எச்ஐவி அழிப்பது அவற்றைத்தான். சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் மாணவி நிர்மலாவும் 1986இல் இந்தியாவில் முதன்முதலாக எச்ஐவியைக் கண்டுபிடித்த பிறகான ஆண்டுகளில், அந்தத் தொற்று உள்ளவர்களைக் கொன்றவற்றில் முதலிடம் காசநோய்க்கு.

என் ஜன்னலில் வாடிக்கையாக வரும் ஒரு சண்டையும் இதனோடு சேர்ந்தது. "முட்டி வலிக்கு ஊசி போடணும்னு வந்தா டிபி டெஸ்ட் எதுக்கு எழுதுறாங்க? காசு பிடுங்கவா?" முடக்குவாதத்துக்குப் போடும் சில ஊசிகள் டிஎன்எஃப் என்ற, வீக்கத்தைக் கிளப்பச் சொல்லி அணுக்கள் அனுப்பும் செய்தியைத் தடுப்பவை. மூட்டில் வீக்கத்தை மூட்டுவதும் நுரையீரலில் அந்தச் சிறைச் சுவரைத் தாங்குவதும் அதே செய்திதான். மூட்டுக்காக அதை நிறுத்தினால் சுவர் இளகும். காசநோய்க் கிருமி இத்தனை பேர் உடம்பில் தூங்குகிற ஊரில் அந்தச் சோதனைக்கான காசு வீண் இல்லை.

பிறந்ததும் தோளில் போடும் பிசிஜி ஊசியும் காசநோய்க்கானது, பலவீனப்படுத்திய உயிருள்ள கிருமி. புண்ணாகி ஆறித் தழும்பு விழுந்தால் எல்லாம் சரி. டி செல்களே இல்லாமல் பிறக்கும் ஒரு சில குழந்தைகளுக்கு அந்தப் பலவீனமான கிருமியே உடம்பெங்கும் பரவிவிடும். பிறவியிலேயே எதிர்ப்பு ஏற்பாட்டில் ஏதோ ஒரு பாகம் இல்லாத இப்படிப்பட்ட நோய்கள் சில நூறு வகை தெரியவந்திருக்கின்றன. கேஇஎம் வளாகத்திலேயே உள்ள தேசிய நிறுவனம் ஒன்று இவற்றைக் கண்டறிகிறது. 'எதிர்ப்புச் சக்தி குறைவு' என்ற சொல் கொஞ்சமாவது பொருந்துகிற இடம் இதுதான். ஆனால் இங்கே சத்து மாவால் ஆகப்போவது ஒன்றுமில்லை. சிலருக்கு மாதாமாதம் எதிர்பொருளை ஏற்ற வேண்டும், சிலருக்கு எலும்பு மஜ்ஜையையே மாற்ற வேண்டும், அதுவும் சீக்கிரமாக.

நம் ஆட்களிடம் இதில் தனியாகச் சொல்ல ஒன்று இருக்கிறது. 2019-21 குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்யாணம் சொந்தத்துக்குள். தாராவிக்கு வந்த பிறகும் அத்தை மகன், தாய்மாமன் என்று ஊரிலிருந்து கட்டிக் கொடுப்பது தொடர்கிறது. ஒரே தாத்தாவிடமிருந்து வந்த பழுதான மரபணு இரண்டு பக்கமும் சேர இது வழி. தாய்வழியில் ஆண் குழந்தைகளை மட்டும் பிடிக்கிற வகைகளும் உண்டு. அவற்றுக்குச் சொந்தக் கல்யாணம் காரணம் இல்லை. "அந்த வீட்ல பிள்ளை தங்காது" என்று பெரியவர்கள் சொன்னால் தோஷம் என்று விட்டுவிடாமல், தங்காத பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டும். ஓயாத பேதி, வாயில் போகாத வெள்ளைப் படலம், திரும்பத் திரும்ப நிமோனியா, ஏறாத எடை என்று பதில் வந்தால், அடுத்த குழந்தைக்கு பிசிஜி போடுவதற்கு முன்னாலேயே டாக்டரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.

அலர்ஜி பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, எல்லோருக்கும் ஒன்று இருக்கிறது. அது போகட்டும் என்று விட வேண்டிய வெளியாளை அடிக்கிற தப்பு. ஒரு விவரம் மட்டும்: இறாலின் தசையில் உள்ள புரதத்தின் நெருங்கிய உறவு கரப்பான்பூச்சியிலும் தூசிப் பூச்சியிலும் உண்டு. மழைக்காலத்தில் சால் என்கிற நெருக்கமான வரிசை வீடுகளில் தும்மிக்கொண்டே இருக்கும் சிலருக்கு இறால் குழம்பு உதட்டைத் தடிக்க வைப்பதில் இதற்கும் பங்கு இருக்கலாம். தடிப்போடு மூச்சும் திணறினால் வேண்டியது அட்ரினலின் ஊசி. மாத்திரையைப் போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது.

செம்பூரில் எங்கள் கட்டடத்து நாலாவது மாடியில் ஒரு டியூஷன் டீச்சர் இருக்கிறார். 2018இல் முடி கொட்டியது, வாயில் புண், விரல் மூட்டுகளில் வலி, சாயங்காலமானால் காய்ச்சல். பக்கத்து டாக்டர் ஒருவர் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டது என்று சொல்லி ஐந்து மாதம் டானிக் எழுதினார். கால் வீங்கி, சிறுநீர் நுரைத்தபோதுதான் ரிப்போர்ட்டோடு என் ஜன்னலுக்கு வந்தார். லூபஸ். குறைவு எங்கே? செல்லுக்குள் பத்திரமாக இருக்க வேண்டிய டிஎன்ஏவுக்கே அவர் உடம்பு எதிர்பொருள் செய்துகொண்டிருந்தது. இரண்டும் ஒட்டிக்கொண்டு சிறுநீரகத்தின் வடிகட்டியில் போய் அடைத்திருந்தன. ஐந்து மாதத்தில் யாராவது ஒரு முறை சிறுநீர்ப் பரிசோதனை எழுதியிருந்தால் போதும் என்று எனக்கு இன்றும் ஆற்றாமை.

லூபஸ்காரர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். ஹார்மோனும், பெண்களுக்கு இரண்டாக உள்ள எக்ஸ் குரோமோசோமும் காரணத்தில் பங்கு என்கிறார்கள். இதற்கான சோதனை ஏஎன்ஏ, தன் செல்லின் கருவுக்கே எதிர்பொருள் இருக்கிறதா என்று பார்ப்பது. இதைத் தானாகவே எடுத்துப் பார்த்துவிட்டு அழுதுகொண்டு வருபவர்களும் உண்டு. நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்கள் சிலருக்கும் அது பாசிட்டிவ் வரும். தொந்தரவு இல்லாமல் அந்த எண்ணை மட்டும் வைத்துப் பயப்பட ஒன்றுமில்லை.

டீச்சருக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் தினமும், முதலில் ஸ்டீராய்டும், அடக்கி வைக்கும் வேறு மருந்தும். 2020 மார்ச்சில் அந்த முதல் மாத்திரை கொரோனாவைத் தடுக்கும் என்று யாரோ சொல்லி, ஊரே வாங்கிப் பதுக்கியது. இரண்டு வாரம் செம்பூரிலிருந்து முலுண்ட் வரை கடை கடையாக அலைந்தோம். அதே வருஷம் ஜூனில் டெக்சாமெத்தசோன் செய்தி வந்தது. ஆக்சிஜன் தேவைப்படும் கொரோனா நோயாளிகளுக்கு அது உயிர் காத்தது, தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை. வைரஸை விட்டுவிட்டு நுரையீரலை இடித்துக்கொண்டிருந்த எதிர்ப்பை அடக்கியதுதான் காரணம். அளவு தெரியாமல் போட்ட இடங்களில், சர்க்கரை ஏறிய உடம்புகளில், மறு வருஷம் கறுப்புப் பூஞ்சை வந்தது.

டீச்சரின் மாமியார் ஊரிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் கேட்பார்: "இவளுக்கு எதிர்ப்பு கூடவா, குறைச்சலா?" இரண்டும்தான். தன்மேல் கூடுதல்; மருந்தால் கிருமியின்மேல் குறைச்சல். வெயிலில் போனால் முதலாவது கிளம்பும், வகுப்பில் யாராவது இருமினால் இரண்டாவது பயம்.

போன வருஷம் டீச்சர் ஒரு செய்தியோடு வந்தார். ஐஐடி பாம்பேயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய கார்-டி சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. நோயாளியின் டி செல்லையே எடுத்து, பி செல்லைப் பிடிக்கிற சாவியைப் பொருத்தித் திருப்பி ஏற்றுவது. பி செல்லில் வரும் ரத்தப் புற்றுநோய்களுக்கு அது. ஜெர்மனியின் எர்லாங்கனில் அதே உத்தியை வேறு மருந்துக்கு அடங்காத லூபஸ் நோயாளிகள் ஐந்து பேரிடம் செய்து பார்த்து, 2022இல் எழுதியிருந்தார்கள். பி செல்கள் துடைத்தெடுக்கப்பட்டு, சில மாதங்களில் புதிதாக முளைத்தன. முளைத்தவை டிஎன்ஏவைத் தொடவில்லை. பழைய தடுப்பூசிகளின் எதிர்பொருள்களோ பெரும்பாலும் அப்படியே இருந்தன.

"அண்ணே, எனக்கு அது கிடைக்குமா?" என்றார்.

இங்கே அனுமதி புற்றுநோய்க்குத்தான், செலவும் பல லட்சம், உங்களுக்கு மாத்திரையே கேட்கிறதே என்றேன். தலையாட்டிவிட்டு, அந்த மாத ரிப்போர்ட்டை நீட்டினார். சிறுநீரில் புரதம் இல்லை. டிஎன்ஏ எதிர்பொருள் இறங்கியிருந்தது. வெள்ளை அணு 3,900.

"நாலாயிரத்துக்குக் கீழே சிவப்புல போட்டிருக்கே?"

"உங்களுக்கு அது பரவாயில்லை. டாக்டர்கிட்ட காட்டிடுங்க" என்றேன். குடையை விரித்துக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். மழை இல்லை, மே மாத வெயில்.